வரைபடத்தில் ஒரு மூக்குத்தி அளவு வட்டம்

போன தை மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை காலை, நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நில அளவை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் செல்வி. ஆர்.எஸ்.மங்கலத்துப் பெண். வரைபட அறை இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது. பழைய தாள்களை எல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்திருந்தது.

"சார், துணியில ஒட்டின பழைய டோப்போ சீட் மேப்பு ஒண்ணு இருக்குல்ல, ராமநாதபுரத்துலருந்து மண்டபம் முனை வரைக்கும் போறது? அதுல பெரியபட்டினத்துக்குத் தெக்க யாரோ பென்சில்ல வட்டம் போட்டு வச்சிருக்காங்க. மூக்குத்தி அளவுதான் இருக்கு. ரப்பர் வச்சு அழிச்சுட்டு ஸ்கேன் பண்ணிரவா?"

"அழிக்காதம்மா. நான் வாரேன்."

"இதுக்கு எதுக்கு சார் வெயில்ல அலையணும்? என்ன வட்டம்னு போன்லயே சொல்லுங்களேன்."

"அதுக்குள்ள ஒரு குழந்தையோட அடக்கம் இருக்கு" என்றேன்.

செல்வி ரப்பரை டிராயரில் போட்டு மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "வாங்க சார். டீ சொல்லி வைக்கிறேன்" என்றார்.

"டீய அந்த ரூமுக்குள்ள கொண்டு வந்துராத" என்று என்னையறியாமல் சொன்னேன். சொன்னது என் குரல்தான், ஆனால் அந்த வார்த்தை என் பழைய மேலதிகாரி சவரிமுத்து சாருடையது.

பஸ்ஸில் போகும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் தேதி குறிக்கும் பழக்கம் உள்ளவன். ஆண்டு, மாதம், கிழமை, அன்று அடித்த காற்று வரை என்னிடம் குறிப்பு உண்டு. ஆனால் இந்தக் கட்டுரையில் ஆண்டை மட்டும் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தக் கரையில் உள்ளவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஊரின் பெயரையும் அதனால்தான் விட்டுவிடுகிறேன், குழந்தையின் தாய் பெயரையும் மாற்றியிருக்கிறேன். பெரியபட்டினத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு குடியிருப்பு என்று வைத்துக்கொண்டால் போதும்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயிலில் அளவுச் சங்கிலி இழுத்தேன், எல்லைக் கல் தேடினேன், மை சிந்தினேன், திட்டு வாங்கினேன். வரைவாளனாக ராமநாதபுரம் அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் வேலை கற்றேன் என்று சொல்ல வேண்டும். அங்கே தலைமை வரைவாளர் சவரிமுத்து சார். பாம்பன் பக்கத்து மனிதர். கட்டையான உருவம், அரைக்கைச் சட்டை. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தென்னை ஈர்க்கு இருக்கும். வரைபடத்தின் மேல் விரல் வைக்க அவர் யாரையும் விடமாட்டார். எதைக் காட்டுவதானாலும் அந்த ஈர்க்கால்தான் காட்ட வேண்டும். ஒருமுறை ஒரு பெரிய அதிகாரி ஆர்வத்தில் தாளின் மேல் விரலை வைத்துவிட்டார். சார் தன் ஈர்க்கை இரண்டாக ஒடித்து அவரிடம் பாதியை நீட்டினார். அதிகாரி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அந்தப் பழைய தாள் வெள்ளைக்காரர் காலத்தில் அச்சானது. நிலத்தில் ஒரு மைல், தாளில் ஓர் அங்குலம். தாளைத் துண்டுகளாக வெட்டி, நடுவில் நூலிழை இடைவெளி விட்டுத் துணியில் ஒட்டியிருப்பார்கள். மடிப்பு அந்த இடைவெளியில் விழுவதால் தாள் கிழியாது. கடலோரத் தாள் என்பதால் பாதுகாப்பு விதிப்படி பூட்டிய அலமாரியில் இருக்கும், கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். சார் முதலில் கை கழுவுவார். வேட்டித் துணியில் துடைப்பார். தாளை விரித்ததும் பேசமாட்டார், அதைத் திருப்புவார். தாளின் வடக்கு நிஜமான வடக்கைப் பார்க்கும் வரை திருப்புவார். இதற்காகவே அறையின் தரையில் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி இருந்தது. அழிய அழிய அவரே போடுவார். "திசைய நேராக்கிட்டா அப்புறம் படிக்கத் தெரியாதவகளும் மேப் பாத்துருவாகலே" என்பார்.

அந்தத் தாளில் தீபகற்பம் மண்டபம் வரை மெலிந்துகொண்டே போகும். கரையோரம் மணல்மேடுகள் புள்ளிகளாகக் கிடக்கும். ஊருணிகள் நீலம், பனங்கூட்டம் சிறு சிறு குறிகள். பள்ளிவாசல், கோயில், தேவாலயம் எல்லாம் ஆளுக்கொரு குறியில் நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு. அதனாலேயே மக்கள் அதை அளவுக்கு மீறி நம்புவார்கள். ஒரு தடவை உள்நாட்டு ஊர் ஒன்றிலிருந்து கண்மாய்க் கரை வழக்கோடு இரண்டு தரப்பும் வந்துவிட்டார்கள், மேப்பில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று. சார் கண்மாயைக் காட்டினார், கரையைக் காட்டினார். "இது கண்ணால பாத்தத வரைஞ்சது. யாருக்குச் சொந்தம்னு இதுக்குத் தெரியாதுய்யா. அதுக்கு வேற ரூமு" என்று அனுப்பிவிட்டார். வந்தவர்களுக்கு ஏமாற்றம். எனக்கும்தான் கொஞ்சம்.

இன்னொரு விதியும் உண்டு. பழைய தாளில் யாரும் எதுவும் எழுதக்கூடாது. பென்சில் புள்ளிகூடக் கூடாது. வேண்டுமானால் மேலே ட்ரேசிங் தாள் வைத்து வரைந்துகொள்ள வேண்டும்.

மைமூன் லாத்தா வந்தது ஓர் ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. வெளியில் புழுதிக் காற்று. எங்கள் கரையில் முஸ்லிம் குடும்பங்களில் அக்காவை லாத்தா என்பார்கள். அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ஐம்பதை ஒட்டிய வயது. தலையில் வெள்ளைத் துப்பட்டி, கையில் ஒயர் கூடை. சுவரோரம் நின்றுகொண்டே பேசினார்.

"கடக்கரையோரம் ரோடு வருதுங்க. கல்லு நட்டுட்டாக. ரோடு வேணும் தம்பி, நான் வேணாம்னு சொல்லல. பஸ்ஸு வந்தா எனக்கும் நல்லதுதான். ஆனா எம் புள்ள மேல வராம வரணும்."

விஷயம் இதுதான். பல ஆண்டுகளுக்கு முன் அவரும் கணவரும் கடலோரத்துப் பனங்காட்டில் ஓலைக் குடிசை போட்டு, மீன் காயவைத்துப் பிழைத்திருந்தார்கள். ஓர் ஐப்பசி அடைமழையில் இரண்டு வயது நிரம்பாத மகள் காய்ச்சலில் இறந்துபோனாள். ஊருக்கும் குடிசைக்கும் நடுவே ஓடை பெருகிக் கிடந்தது. ஊர் அடக்கத்தலத்துக்கு எடுத்துப்போக வழியில்லை. கணவரும் இன்னும் இரண்டு ஆண்களும் அங்கேயே மணல்மேட்டில் தொழுது அடக்கிவிட்டார்கள். வழக்கப்படி பெண்கள் குடிசையிலேயே இருந்தார்கள். மழை விட்ட பிறகுதான் கணவர் இவரை அழைத்துப் போய் இடத்தைக் காட்டினார். பிறகு அவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார். அங்கேயே காலமாகி அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். கூட இருந்த இருவரும் இப்போது இல்லை.

"அவுக என்ன கிணத்து மேட்டுல நிறுத்தி, பின்னால நின்னு தோளப் புடிச்சுத் திருப்புனாக. 'நேரா பள்ளிவாசல் மினாராவப் பாரு. நடுவுல ஒத்தப் பனை நிக்கிதா? அதுக்கு இங்கிட்டுதான் புள்ள இருக்கு'ன்னாக. கடக்கல்லு ஒண்ணும் நட்டு வச்சாக. இப்ப கல்லு இல்ல, பனையும் இல்ல, கிணறு எங்கன இருக்குன்னே தெரியல. எல்லாம் மணலு மூடிருச்சு. ஒங்ககிட்டப் பழைய மேப்பு இருக்காமே. அதுல கிணறு இருக்கும்னு ஊர்ல சொன்னாக."

சார் எழுந்து கை கழுவப் போனார்.

தாளில் கிணறு இருந்தது. நீல நிறத்தில் ஒரு சின்ன வளையம். அதற்கு வடக்கே ஒரு பனைக்குறி. அதற்கும் வடக்கே, ஓடையைத் தாண்டிப் பள்ளிவாசல். சார் ஈர்க்கால் ஒவ்வொன்றாகக் காட்டினார். லாத்தா குனிந்து பார்த்துவிட்டு, "அல்லா, எல்லாம் அங்கங்கனயே இருக்கு" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. இந்தத் தாள் அவருக்கு எவ்வளவு தரும் என்று எனக்கே அப்போது தெரியாது.

அனுமதி வாங்கித் தாளோடு நாங்கள் களத்துக்குப் போனது அடுத்த செவ்வாய். சாலைப் பொறியாளர் ஜீப்பில் முன்னமே வந்திருந்தார். இளைஞர், கெட்டவர் அல்ல. "எங்கன்னு காட்டுங்கம்மா, பத்தடி தள்ளிப் போட்டுர்றேன். எங்கன்னு தெரியாம நான் எதத் தள்ளுறது?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

சார் ஒரு பலகையை மணலில் வைத்துத் தாளை விரித்தார். வடக்கை வடக்காக்கினார். நான் கிணற்றின் தூரத்தைக் கணக்கிட்டேன். அந்த இடம் முழுவதும் சீமைக்கருவேலம். எங்கள் சங்கிலி ஆள் காளிமுத்து இரும்புக் கம்பியை மணலில் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே போனார்.

"சார், மேப்புல கிணத்துக்குத் தண்ணி இருக்கா, வத்திருச்சான்னு போட்டிருக்கா? நாக்கு வறளுது" என்றார்.

"நீ கண்டுபிடி. தண்ணி நான் வாங்கித் தாரேன்."

உச்சி வெயிலில் கம்பி ணங் என்றது. மணலை அள்ளினோம். கடல்கல்லை அடுக்கிக் கட்டிய கிணற்றின் விளிம்பு வளைந்து தெரிந்தது. லாத்தா ஓடி வந்து அந்தக் கல்லைத் தொட்டார். "இதுல வாளி போட்டிருக்கேன் நான். கயிறு தேஞ்ச தடம் இருக்கும் பாருங்க" என்றார். இருந்தது.

அதன் பிறகு எல்லோருக்கும் ஒரு வேகம் வந்துவிட்டது. கிணற்று மேட்டில் அளவைக் கருவியை வைத்தோம். தூரத்தில் பள்ளிவாசல் மினாரா தெரிந்தது. இரண்டுக்கும் கோடு பிடித்தோம். பனை எங்கே நின்றிருக்கும் என்று தாளில் அளந்தோம். பொறியாளரே ஓடிப்போய்க் காளிமுத்துவிடம் குச்சியை வாங்கி, பனைக்கு இந்தப் பக்கம் நாங்கள் கை காட்டிய இடத்தில் அடித்தார். "இங்கதான்!" என்றோம், ஏறக்குறைய எல்லோரும் ஒரே குரலில்.

லாத்தா அந்தக் குச்சிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் ஏந்தினார். உதடுகள் அசைந்தன. பொறியாளர் தொப்பியைக் கழற்றினார். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது.

சவரிமுத்து சார் மட்டும் தாளருகே உட்கார்ந்திருந்தார். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஏலே, இந்தத் தாள்ல நீ போடுற பென்சில் கோடு தரையில எத்தன அடி?"

எனக்கு விடை தெரியும். வரைவாளர் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கூராகச் சீவினாலும் அந்த அளவில் ஒரு கோடு நாற்பது அடியை விழுங்கிவிடும்.

"பனைக்குறி?"

அது ஒரு தெரு நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும். தவிர, அது அந்த ஒற்றைப் பனைதான் என்று யார் சொன்னது? அந்தக் காலத்தில் அளந்தவன் அங்கே பனைகள் நிற்பதைப் பார்த்தான், ஒரு குறி போட்டான். அவ்வளவுதான். பலகையில் தாளை விரித்ததும் நாங்கள் இதையெல்லாம் மறந்துவிட்டோம். கூரிய பென்சில் கையில் இருந்தால் எங்கள் தொழிலில் வரும் மயக்கம் இது.

"மினாராவ எப்பக் கட்டுனாக, கேளு" என்றார்.

கேட்டேன். லாத்தா முகத்திலிருந்து துப்பட்டியை விலக்கினார். "பழசு ஆட்டம் கண்டுருச்சுன்னு இடிச்சுக் கட்டுனாக. முன்ன மேக்கு மூலையில இருந்துச்சு, இப்ப ரோட்டுப் பக்கம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். குச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

சார் எழுந்து வந்து அவருக்கு எதிரே குந்தினார். அந்த நேரத்தில் அவர் ஒரு வார்த்தை ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அம்மாவுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும், பொறியாளருக்குப் பத்தடியோடு போயிருக்கும், நாங்கள் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்திருப்போம். சாலை மட்டும் எதன் மேல் போயிருக்கும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

"லாத்தா, இது நாங்க அடிச்ச குச்சி. ஒங்க புள்ள இருக்குற எடம் இதுன்னு என்னால சொல்ல முடியாது."

"அப்ப எங்கன இருக்கு?"

"தெரியல."

காற்று மணலை வாரிக்கொண்டு போனது. லாத்தா அழவில்லை. "தெரியாதுன்னு சொல்லவா இம்புட்டுப் பேரு வந்தீக?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம்கூட இல்லை. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"எங்கன இருக்குன்னுதான் தெரியல. எங்கன இல்லங்கிறதக் கண்டுபிடிச்சிரலாம். எந்திரிங்க. என்கூட நடங்க" என்றார் சார்.

இருவரும் நடந்தார்கள். சார் கேட்டுக்கொண்டே போனார், அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இந்தப் பள்ளத்துல இருக்குமா?"

"இருக்காது. மழைத் தண்ணி எட்டாத மேடாப் பாத்துத்தான் வச்சேன்னாக."

"கடலுப் பக்கம், கிணத்துக்கு அங்கிட்டு?"

"இல்ல, இல்ல. அங்கன நின்னா கடலு சத்தம் கேக்கும், ஆனா தண்ணி கண்ணுக்குத் தெரியாது."

இல்லை என்று அவர் உறுதியாகச் சொன்ன ஒவ்வொரு இடத்திலும் காளிமுத்து நின்றார். கொடித் துணியைக் கிழித்துக் கருவேலங்கிளையில் ஒரு முடிச்சுப் போட்டார். வடக்கே ஓடை மேடு, தெற்கே கிணற்று மேடு, கிழக்கிலும் மேற்கிலும் பழைய மினாராவும் புதிய மினாராவும் விட்டுவைத்த சந்தேகம். சுற்றி முடித்தபோது வெள்ளைத் துணிகள் பெரியதொரு வட்டமாக ஆடிக்கொண்டிருந்தன.

"இதுக்குள்ள எங்க வேணாலும் இருக்கலாம்" என்றார் சார், பொறியாளரிடம். "ரோடு இதச் சுத்திப் போகணும்."

பொறியாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சார், ஒரு குச்சிக்குத் தள்ளச் சொன்னீங்க, சரி. இம்புட்டு இடத்த எப்படி சார் வளைக்கிறது? மேல என்ன எழுதுறது? எங்க ஆபீஸ்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் தம்பி. இருக்குற எடம் தெரிஞ்சா அந்த எடத்த விடணும். தெரியலன்னா தெரியாத எடம் பூராத்தையும்ல விடணும்?"

பொறியாளர் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் கவனித்தார், நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தது அந்த வட்டத்துக்குள். குனிந்து தன் காலைப் பார்த்தார். மெதுவாக ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வந்தபோது மணலில் பதிந்திருந்த தன் தடங்களிலேயே பாதம் வைத்து, ஒவ்வொன்றாக, வெளியே நடந்தார். காளிமுத்து அவர் பின்னால் போனார். நானும் போனேன். கடைசித் துணியைத் தாண்டிய பிறகு பொறியாளர் திரும்பி நின்று, "வளைச்சுருவோம் சார்" என்றார்.

லாத்தா உள்ளேயே நின்றிருந்தார். குச்சியைப் பிடுங்கிக் கொண்டுவந்து காளிமுத்துவிடம் கொடுத்தார்.

திரும்பும்போது பொறியாளரின் ஜீப்பில் சார் என்னிடம் சொன்னார்: "எங்க ஊர்ல கடலோட போனவகளுக்குக் கல்லறை கிடையாதுலே. எங்கன்னு தெரியாது. அதனால கடலு பூராவையும் பாத்துத்தான் கும்பிடுவோம். எங்கம்மா பூவ எங்க போடுறதுன்னு யோசிச்சதே இல்ல. அலையில போடும்." பிறகு உச்சிப்புளி வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை அலமாரியைத் திறந்து தாளை எடுத்தார். விரித்து, திசை நேராக்கி, கடினமான பென்சில் ஒன்றைச் சீவினார். நான் அருகில் போவதற்குள் தாளின் மேலேயே வட்டம் போட்டுவிட்டார். அவர் கையால் அந்தத் தாளில் விழுந்த ஒரே கோடு அதுதான்.

"சார், நீங்களே..."

"ட்ரேசிங் தொலஞ்சு போகும். ஃபைலக் கரையான் தின்னுரும். ஆனா இந்தச் சீட்ட விரிச்சுப் பாக்காம எவனும் அங்கன இன்னொரு ரோடு போடமாட்டான்" என்றார். பென்சிலைச் சட்டைப் பையில் ஈர்க்குக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார்.

இதையெல்லாம் செல்வியிடம் சொல்லி முடித்தபோது டீ வெளி வராந்தாவில் ஆறிப்போயிருந்தது. அவர் கணினியில் ட்ரோன் படத்தைத் திறந்து காட்டினார். கடற்கரைச் சாலை நேராக வந்து, அந்த இடத்தில் மட்டும் ஒதுங்கி, அரைவட்டம் போட்டு, மறுபடி நேராகப் போகிறது. உள்ளே வெறும் மணலும் கருவேலமும்.

"நாங்க இத எத்தனையோ தடவ பாத்துச் சிரிச்சிருக்கோம் சார். அந்தக் காலத்து எஞ்சினியர் தூங்கிட்டே ரோடு போட்டாரான்னு." பென்சில் வட்டத்தோடேயே தாளை ஸ்கேனரில் வைத்தார். பிறகு கேட்டார்: "கம்ப்யூட்டர்ல இந்த இடத்துக்கு ஏதாவது பேரு போடணுமே. என்ன எழுதட்டும்?"

ஒன்றும் எழுத வேண்டாம் என்றேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சாலை போட்டுச் சில ஆண்டுகள் கழித்து, மார்கழியில் ஒரு நாள், அந்த வழிப் பஸ்ஸில் மைமூன் லாத்தாவைப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பல் இரண்டு போயிருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. வளைவு நெருங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தார். டிரைவர் வேகத்தைக் குறைத்தார். எதிரே வந்த மீன் லாரியும் குறைத்தது. வளைவின் முகப்பில் சாலைத் துறையின் மஞ்சள் பலகை ஒன்று நின்றது.

"தம்பி, அந்தப் போர்டுல என்ன எழுதியிருக்கு? எனக்குப் படிக்கத் தெரியாது. ரொம்ப நாளாக் கேக்கணும்னு நெனச்சேன். எம் புள்ளயப் பத்தி எழுதியிருக்கா?"

"இல்ல லாத்தா. மெதுவாகச் செல்லவும்னு எழுதியிருக்கு. அவ்வளவுதான்."

பஸ் வளைவைச் சுற்றி ஊர்ந்துகொண்டிருந்தது.

"அது போதும் தம்பி" என்றார். "தூங்குற புள்ளயச் சுத்திப் போறவகளுக்கு அதுக்கு மேல என்ன எழுதணும்?"